வாயிலில் நிற்கும் பெற்றோர்

சென்னைப் புறநகரின் பன்னாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை உணவுத் திருவிழா நடைபெறுகிறது. கொரியத் தாய் சோற்றுச் சுருள் கொண்டு வருகிறார். நம்மவர் கொழுக்கட்டை அவித்து வருகிறார். கொடிகள் பறக்கின்றன, புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. மறுநாள் வாயிற்கதவு சாத்தப்படுகிறது. இதற்குத்தான் 'பெற்றோர் பங்கேற்பு' என்று பெயராம்! நாம் இதை ஏற்பதற்கில்லை.

இத்தகைய பள்ளி எவ்வாறு பிறந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். முதல் உலகப் போருக்குப்பின், உலக நாடுகளின் சங்கத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்றப் பல நாட்டவர் ஜெனீவாவில் குடியேறினர். தம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பகைவராகக் கருதாமல் வளர வேண்டும் என விழைந்த அவர்கள், அடால்ஃப் ஃபெரியே முதலிய கல்வியாளரின் துணையோடு 1924இல் ஒரு பள்ளியைத் தொடங்கினர். அங்கே பெற்றோர் விருந்தினர் அல்லர், நிறுவியவர்கள். 1968இல் ஜெனீவாவில் உருப்பெற்ற ஐ.பி. பாடத்திட்டத்திற்கு வித்திட்டோருள் அப்பள்ளி ஆசிரியர்களும் அடங்குவர். அப்பாடத்திட்டத்தைப் பெருஞ்செலவில் தருவித்துக்கொண்ட நம் நிருவாகத்தினர், பெற்றோருக்கு அங்கிருந்த இடத்தை மட்டும் தருவிக்க மறந்தனர்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே வியப்பூட்டுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். மானியத் தொகை எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் கடமை. (குழு ஏட்டளவில் நின்றுவிட்ட ஊர்கள் பல என்பதையும் நாம் அறிவோம்.) ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை இப்பிரிவு தொடுவதில்லை. விளைவு என்ன? திருவிழாத் தட்டுகளைக் கழுவும் ஆயா, தம் மகள் பயிலும் ஊராட்சிப் பள்ளியில் கணக்குக் கேட்கலாம். இலட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தும் தந்தைக்கு அவ்வுரிமை இல்லை. கட்டண உயர்வு கைப்பேசியில் அறிவிப்பாக வந்து சேரும், அவ்வளவே.

பெற்றோரைக் கூட்டினால் பள்ளி சந்தைக்கடையாகிவிடும் என்பர். இவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம்மில் எத்தனை பேர் பிறர் பிள்ளைக்காக ஒருமுறையேனும் பள்ளிப் படியேறியுள்ளோம்? தம் மகனின் மதிப்பெண்ணுக்காக ஆசிரியரைக் கடிந்துகொள்ள விரைந்து செல்வோம். அதே ஆசிரியர் ஆண்டின் நடுவே நீக்கப்படும்போது வாய் திறவோம். பணம் கட்டியாயிற்று, பொறுப்புத் தீர்ந்தது என்னும் இம்மனநிலையே நிருவாகத்திற்கு அரண்.

எனவே சட்டம் வரும்வரை காத்திராமல் நாமே கேட்போம். ஆளுகைக் குழுவில் பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவருக்கேனும் வாக்குரிமையுடன் இடம் வேண்டும். கட்டணத்தை உயர்த்துமுன் வரவு செலவு நம்முன் வைக்கப்பட வேண்டும். பேருந்து ஓட்டுநர், ஆயா, காவலர் ஆகியோரின் ஊதியமும் அக்கணக்கில் தனியே காட்டப்பட வேண்டும். அவர்களும் அப்பள்ளிச் சமூகத்தினரே.