சுண்ணாம்பு யார் கையில்?

"மாமா, வானத்துக்கு எந்த நீலம் கலக்கணும்?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடலாம். "மாமா, இத வரைஞ்சா அழிச்சிருவாங்களா?" என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது?

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். தூத்துக்குடியில் கடைப் பலகை, லாரி, வள்ளம், கட்சிச் சுவர் என்று எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது. காசு கொடுத்தவன் சொன்னதை எழுதினேன். எங்கள் தெருவுக்கு வேண்டியதை எந்தச் சுவரிலும் எழுதியதில்லை. பிளக்ஸ் வந்தது. பிரஷ் மூலைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் ஓவியம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். உப்பளத்தில் வாருகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஊர்க் குப்பை அள்ளுகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். உப்புக் காத்துல பெயிண்ட் ஏன் பொரியுது, சுவரைச் சுரண்டாமல் ஏன் பிரைமர் அடிக்கக் கூடாது, சின்னப் படத்தைக் கட்டம் போட்டு எப்படிப் பெரிதாக்குவது எல்லாம் சில மாதங்களில் பிடித்துக்கொண்டார்கள். தொழில் சுலபம். சுவர்தான் கஷ்டம்.

நமக்குச் சுவர் என்றைக்கு வெறும் சுவராக இருந்தது? உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்றுதான் அரசு உடைத்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித்துகளைக் கொன்றது. நிறமும் அப்படித்தான். எங்கள் பக்கத்து மின்கம்பங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பாருங்கள். எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று பெயின்டே சொல்லும். மாணவர் கையில் கட்டுகிற சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி 2024 இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுக்க வேண்டிய நிலை. ஆக, சுவரில் அரசியல் எழுதாதே என்று நம்மிடம் சொல்கிறவர்கள், ஏற்கெனவே அங்கே எழுதியிருப்பதைப் படிக்காதவர்கள். அல்லது படித்தும் படிக்காதவர்கள்.

ஓர் அலுவலகம் எங்களைக் கூப்பிட்டது. சுவர் உண்டு, பெயிண்ட் உண்டு, தலைப்பு 'தூய்மை' என்றார்கள். மாதிரிப் படத்தையும் கையில் கொடுத்தார்கள். சிரிக்கிற குப்பைத்தொட்டி, மரம், கிளி, 2014 இல் தூய்மை இந்தியாவுக்குச் சின்னமாக வந்த காந்தி கண்ணாடி. எங்கள் கூட்டத்தில் பத்தாவது படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி மாதிரிப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்க அப்பா எறங்குத தொட்டிய வரையட்டா மாமா?"

2020 ஜூலையில் எங்கள் மாவட்டத்துச் செக்காரக்குடியில் ஒரு வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன நான்கு பேர் செத்தார்கள். மனிதரை மலம் அள்ள வைக்காதே என்று 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகுதான் இந்த நான்கு சாவு. அவள் அதை மறக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல அவங்க குடுத்தத வரை. பெறவு பாப்போம்."

"பெறவுன்னா எப்ப மாமா?"

பதில் இல்லை. அவள் வரைந்தாள். மூடி திறந்த ஒரு தொட்டி. பக்கத்தில் நான்கு ஜோடிச் செருப்பு. ஆள் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை. இரண்டாம் நாள் அதன்மேல் சுண்ணாம்பு. "பாக்கிறவங்களுக்கு அருவருப்பா இருக்குல்ல" என்றார்கள். தொட்டிக்குள் ஆள் செத்தபோது வராத அருவருப்பு, செருப்பைப் படமாகப் பார்த்ததும் வந்துவிட்டது! சிரிக்கிற குப்பைத்தொட்டியை யாரும் தொடவில்லை.

சுண்ணாம்பு அடிக்க வந்தவரும் நம்ம ஆள்தான். தினக்கூலி. "என்ன செய்ய அண்ணே, சொன்னத செய்யுதேன்" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. காலமெல்லாம் நானும் அதைத்தானே செய்தேன்? 'பெறவு பாப்போம்' என்று முதல் சுண்ணாம்பை அடித்ததும் நான்தான்.

இதை ஏன் எழுதுகிறேன்? பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கிறோம், சமூக அக்கறையை வளர்க்கிறோம் என்று இன்றைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். வரட்டும். பிரஷைக் கொடுத்துவிட்டுத் தலைப்பைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்வதற்குப் பெயர் என்ன? தனிக் குவளைதான். டீ கிடைக்கும், குவளை அவன் முடிவு.

முத்து நகர் என்கிறார்கள். இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 ஓடு நின்றுவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக எடுக்காத முத்தை வரையச் சொல்கிறார்கள். இன்றைக்குக் காலையில் உப்பு வாரி வெடித்த பாதத்தை வரைந்தால் ஊருக்கு அழகில்லையாம். சென்னை கண்ணகி நகரில் 2020 இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. நல்ல ஓவியங்கள்தான். நான் கேட்பது ஒன்றுதான். நகரத்து நடுவிலிருந்து தங்களை ஏன் அப்புறப்படுத்தினார்கள் என்பதை அதே சுவரில் எழுதும் உரிமையும் அந்த மக்களுக்கு வந்ததா?

1967 இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் கூடி, தங்கள் மக்கள் வாழும் தெருவிலேயே ஒரு கட்டடத்தில் 'மரியாதைச் சுவர்' வரைந்தார்கள். மால்கம் எக்ஸ், முகமது அலி என்று தங்கள் நாயகர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு அது அந்நியமில்லை. சேரி முனையில் கோட்டும் கண்ணாடியுமாக அம்பேத்கரை வரைந்துவைத்த பேர் தெரியாத கைகள்தான் நம்முடைய முதல் ஓவியப் பள்ளி.

இப்போது எங்களுக்குள் சில முடிவுகள். தலைப்பைத் தெரு முடிவு செய்யும். முதல் படம் எங்கள் சுவரில்தான். வெளியில் வரைந்தால் கூலி உண்டு, வரைந்தவர் பேர் படத்தின் கீழே உண்டு. அழித்தால் மறுபடி வரைவோம். 'பெறவு' என்ற சொல்லை நான் சொல்லக் கூடாது.

நான்கு ஜோடிச் செருப்பு இப்போது எங்கள் தெரு முனையில் இருக்கிறது. உப்புக் காற்று அரிக்கத்தான் செய்யும். பொரிந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூசுகிறோம். போன முறை சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டம் போடச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.