உயிர் மீண்டோருக்குக் கையும் காலும் மீள வேண்டும்
மணலி புதுநகர் மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, பெருநகர சென்னை மாநகராட்சி, தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம்

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் காக்கிறது. அதை நன்றியோடு ஏற்கிறோம். அதன் பிறகு வரும் மாதங்களுக்காகவே இந்தச் சாசனம்.

சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், துறைமுகத்துக்கு ஓடும் கண்டெய்னர் லாரிகள் ஆகியவற்றை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. கிளட்ச் மிதிக்கும் காலும் வெல்டிங் பிடிக்கும் விரலும் செயலிழந்தால், அன்றே வீட்டு வருமானம் நின்றுவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கும் இதே நிலைதான்.

‘கரண்ட் வைப்பது’ என்று நாங்கள் சொல்லும் தசை மின்தூண்டல், பிசியோதெரபியில் நிலைபெற்ற முறை. தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே செல்லும் சிறு மின்துடிப்புகள் நரம்பைத் தூண்ட, தசை சுருங்குகிறது. நடக்கையில் தரையில் இழுபடும் பாதத்தை, அடி எடுக்கும் நேரத்தில் தூண்டி உயர்த்தும் முறையை அமெரிக்காவில் லிபர்சன் குழு 1961-லேயே வெளியிட்டது. பக்கவாதத்தில் சரியும் தோள் மூட்டுக்கும், தொங்கும் மணிக்கட்டுக்கும், முழங்கால் அறுவைக்குப் பின் மெலியும் தொடைத் தசைக்கும் இது கைகொடுக்கிறது. பயிற்சியோடு சேர்ந்தால்தான் முழுப் பலன். கரண்ட் மட்டும் வைத்து அனுப்புவது அரைச் சிகிச்சை.

மறுவாழ்வுப் பணிகளை அரசும் உள்ளாட்சியும் தம் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு நடத்த வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 27-ஆம் பிரிவு. அதன்படி நாங்கள் கோருவன:

1. ஊருக்குள்ளேயே சிகிச்சை. ராயபுரம் ஸ்டான்லிக்கோ கே.கே.நகர் புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ ஒருநாள் போய்வரலாம். வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில், லாரி நெரிசலைத் தாண்டிப் போக முடியாது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. மணலி புதுநகருக்கென நிரந்தரப் பிசியோதெரபிஸ்ட் பணியிடமும், ஷிப்ட் தொழிலாளர் வரக்கூடிய மாலை நேரப் பிரிவும் வேண்டும்.

2. நோய்க்கேற்ற கருவி. நரம்புத் தொடர்பு உள்ள தசைக்குக் குறுந்துடிப்பு மின்னோட்டம். நரம்பு அறுந்த தசைக்கு நீள்துடிப்பு மின்னோட்டம். இரண்டையும் தரும் கருவி வேண்டும். டென்ஸ், ஐ.எஃப்.டி. ஆகியவை பெரும்பாலும் வலி குறைக்கப் பயன்படுபவை. அவற்றை வைத்துவிட்டுத் தசைத் தூண்டல் நடந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.

3. படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே சிகிச்சை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. எங்கள் பகுதிக்கு வரும் குழுவிடம் பேட்டரியில் இயங்கும் கையடக்கத் தூண்டல் கருவி இருக்க வேண்டும். 2021 நவம்பரைப் போலக் கொசஸ்தலை வெள்ளம் ஊருக்குள் புகுந்தாலும் சிகிச்சை அறுபடாதிருக்க, மழைக்காலத் திட்டம் முன்கூட்டியே வேண்டும்.

4. பாதுகாப்பு. பேஸ்மேக்கர் வைத்தவர், கர்ப்பிணி, காலில் ரத்தக்கட்டி உள்ளவர், புற்றுநோயாளி ஆகியோரை முதலில் விசாரித்தறிய வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் பட்டை ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் தோல் மரத்தவருக்குச் சூடு தெரியாது; புண்ணாகிவிடும் ஆபத்து உண்டு. இவ்வெச்சரிக்கைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் சுவரில் எழுதுங்கள். ஒட்டும் பட்டையை ஒருவருக்கு வைத்துவிட்டு மற்றவருக்கு வைக்கக் கூடாது.

5. தகுதியுள்ள கைகள். பிசியோதெரபிஸ்ட்டுகளையும் உள்ளடக்கி 2021-இல் வந்த தேசியச் சட்டத்தின்படி, பதிவு பெற்றவரே சிகிச்சை தர வேண்டும். தொப்பை கரைக்கும், நரம்பை எழுப்பும் என்று மின்பெல்ட் விற்கும் பொய் விளம்பரங்கள் மீது நடவடிக்கை தேவை.

6. ஒப்பந்தத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் காப்பீட்டு எண் கிடைத்ததா என்று ஆலை வாசலிலேயே சரிபாருங்கள். வேலையில் காயம்பட்டவருக்கு, தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை ஊதியத்தில் 90 விழுக்காடு உதவித்தொகை உண்டு. சிகிச்சையின் முதல் நாளே இதைச் சொல்லி, விண்ணப்பிக்கவும் உதவுங்கள்.

7. பலனை அளக்கும் பதிவேடு. தசை வலிமை 0 முதல் 5 வரை எந்த நிலையில் உள்ளது, எவ்வளவு தூரம் நடக்கிறார், டம்ளரைப் பிடிக்கிறாரா என்று முதல் நாளிலும் மாதந்தோறும் குறித்து, ஒரு பிரதியை நோயாளியிடம் தாருங்கள். பெயர்களைத் தவிர்த்த தொகுப்புக் கணக்கைப் பகுதி சபையில் வையுங்கள்.

எங்கள் பங்கையும் சொல்கிறோம். வீட்டில் ஒருவர் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்ய வைப்பார். நடுவில் சிகிச்சையை நிறுத்தியவர்களை அழைத்து வருவோம்.

ஒவ்வொரு கோரிக்கையையும் எந்த அலுவலர், எந்தத் தேதிக்குள் நிறைவேற்றுவார் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். அந்தப் பதிலை அடுத்த பகுதி சபையில் எல்லோர் முன்னும் வாசித்து, தேதி தவறிய ஒவ்வொன்றுக்கும் அங்கேயே விளக்கம் கேட்போம்.

இவண்,
மணலி புதுநகர்க் குடியிருப்போர், தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார்