யார் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியம்?

தோழர்களே, ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்க நமக்கு நேரமில்லை. தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியே போதும் என்பவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் கேட்பது வேறு. சொல்லுக்குப் பொருள், பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் என்று படிக்கிறோமே, அந்த வாக்கியத்தை யார் எழுதினார்கள்?

போட்டித் தேர்வுச் சொற்பட்டியல்களில் 'பரையா' என்றொரு சொல் வரும். பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். எடுத்துக்காட்டாக, உலகம் ஒதுக்கிவைத்த ஏதோ ஒரு நாட்டைச் சொல்வார்கள். அது பறையர் என்ற நம் சொல். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. ஒதுக்கியது யார் என்று அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகை நடத்தினார் என்பதும் கிடையாது. நம் சேரி மாணவி அதைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்கிறாள்.

அடுத்து, 'அட்ராசிட்டி'. கொடூரச் செயல், குறிப்பாகப் போரில் நடப்பது என்று மாணவர் அகராதி சொல்லும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான். ஆனால் பிரிவு 3இல் போர் இல்லை. நிலத்தைப் பறிப்பது, பொதுவழியை மறிப்பது, பலர் அறிய இழிவுபடுத்துவது எல்லாம் அங்கே வன்கொடுமை. அகராதிப் பொருளோடு நின்றுவிட்டால், "அடிக்கலையே, திட்டத்தானே செஞ்சான்" என்கிற அதிகாரி முன் வாயடைத்து நிற்போம்.

இலக்கணமும் அப்படித்தான். இழிவுபடுத்தியது 'விதின் பப்ளிக் வ்யூ' ஆக, அதாவது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 'பப்ளிக் பிளேஸ்' என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டின் வாசற்கதவும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதுதான் என்றது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் யாருமில்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என்றது. 'விதின்' என்ற ஒரு முன்னிடைச்சொல்லில் வழக்கு நிற்கிறது, விழுகிறது.

ஆகவே 'நான் திட்டப்பட்டேன்' என்று பாஸிவ் வாய்ஸில் புகார் எழுதக் கூடாது. அதில் திட்டியவன் காணாமல் போய்விடுகிறான், கேட்டவர்களும் போய்விடுகிறார்கள். இன்னார், இன்ன இடத்தில், இன்னின்னார் காதுபட இந்தச் சொல்லால் திட்டினார் என்று எழுத வேண்டும். ஆக்டிவ் வாய்ஸ் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ராமன் ராவணனைக் கொன்றதையே எத்தனை காலம் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பது!

மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் அடுத்த வாரம் பிரிவு 3இன் ஆங்கிலப் பிரதியை எடுத்து வாருங்கள். தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'விதின்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்.