தாதா வீட்டில் மூன்று நாள்

ஊர் சுற்றுவதில் மூன்று கட்டம் உண்டு சார். முதல் பத்து நாள் நாம் ஊரைப் பார்க்கிறோம். அடுத்த பத்து நாள் ஊர் நம்மைப் பார்க்கிறது. அதற்குப் பிறகு தெரு நாய்கள் மட்டும்தான் பார்க்கின்றன.

2024 மார்ச் மாதக் கடைசியில் நான் அந்த மூன்றாவது கட்டத்தில் இருந்தேன். டெல்லி, அமிர்தசரஸ், ரிஷிகேஷ், காசி என்று 31 நாள். முதுகில் மூட்டை. அதில் மூன்று சட்டை, இரண்டு பேன்ட். பி.காம். படித்த புத்தி போகுமா, தினமும் ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதுவேன். காசியில் கையிருப்பு 2,140 ரூபாய். பேசாமல் அங்கிருந்தே சென்னைக்கு ரயிலேறியிருக்கலாம். தாதாவால் கல்கத்தா போக வேண்டியதாயிற்று. (2001-லேயே கொல்கத்தா ஆக்கிவிட்டார்கள். எனக்கு வாயில் வருவது கல்கத்தாதான்.)

தாதா என்றதும் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆசாமியைக் கற்பனை செய்ய வேண்டாம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறைத் தோழன். சாதுவான வங்காளி. அவர்கள் ஊரில் அண்ணனை 'தாதா' என்பார்கள். வந்த புதிதில் மெஸ் முதலாளியை மரியாதையாக 'தாதா' என்று கூப்பிட்டுவிட்டான். அவர் "யாரைப் பாத்து ரவுடிங்கறே?" என்று சாம்பார் கரண்டியோடு வந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் இவனுக்கே நிலைத்துவிட்டது.

ஊர்ப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை பேசுவான். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு ரசகுல்லா பற்றிப் பேசுகிற ஜாதி. ஆனால் நாலு வருஷமாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் அப்பாவுக்கு காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடை. "கடையைப் பாத்துக்கோ" என்று அவர் சொல்ல, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று இவன் கேட்க, வார்த்தை தடித்து, மறுநாளே ரயிலேறிவிட்டான். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். அப்பாவோடு பேச்சு இல்லை.

நான் கிளம்பிய அன்று அரைக் கிலோ காபிப்பொடியும் ஒரு எவர்சில்வர் ஃபில்டரும் கொண்டுவந்து நீட்டினான். "கடைசியா எங்க வீட்டுக்குப் போயிட்டு வா. நான் அனுப்பினேன்னு சொல்லாதே." பின்னே யார் அனுப்பியதாகச் சொல்வது, காபி போர்டா?

காபிப் பொட்டலம் ரிஷிகேஷிலேயே ஓட்டையாகிவிட்டது. அதற்கப்புறம் நான் போன இடமெல்லாம் கும்பகோணம் டிகிரி காபி கடை மாதிரி மணந்தது.

ஹவுராவில் இறங்கினால் எதிரே பாலம். 1943-ல் திறந்தது. 26,500 டன் உருக்கு. நட்டு, போல்ட்டு கிடையாது, எல்லாம் ரிவெட் அடித்தது. பாலத்தில் நடக்கத்தான் ஆசை. ஆனால் அந்த மாதம் 15-ம் தேதிதான் ஹூக்ளி நதிக்குக் கீழே மெட்ரோ ரயிலில் பொதுஜனங்களை விட ஆரம்பித்திருந்தார்கள். ஆற்றுக்கடியில் போகிற யோகம் நம் பரம்பரையில் யாருக்கு வாய்த்தது? ஏறினேன். 520 மீட்டர், 45 செகண்ட். கண்ணாடி வழியாக மீன் தெரியும் என்று நினைத்தது என் தப்பு. நீல விளக்கு தெரிந்தது.

எஸ்பிளனேடில் ரயில் மாறி ஷ்யாம்பஜார். ஐந்து தெரு கூடுகிற இடத்தில் நேதாஜி குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி மூன்றாவது சந்தில் வீடு. பச்சை மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள். வாசலில் நம்மூர் மாதிரியே திண்ணை. திண்ணையில் நம்மூர் மாதிரியே நாலு பெரிசுகள், உலக அரசியல்.

கதவைத் திறந்தது தாதாவின் அம்மா. அவருக்கு வங்காளி தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு 31 நாளில் கற்ற இந்தி நாலு வார்த்தை. அதில் மூன்று விலை கேட்க. நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று முழித்தபோது, அந்த அம்மாள் மூட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்தார். அவ்வளவுதான். "பாபா!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கே பிள்ளையைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பத்தே நிமிஷத்தில் என் மூட்டை காலி. துணி மொத்தமும் மொட்டை மாடிக் கொடியில். நான் தாதாவின் பழைய லுங்கியில்.

சாப்பாட்டில்தான் சிக்கல். மீன் தலை போட்ட பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு. நான் சைவம் என்று கையால் அபிநயம் பிடித்துக் காட்டியதும் அவர் பயந்தேவிட்டார். நெற்றியில் கை வைத்து ஜுரமா என்று பார்த்தார். அப்புறம் அடுத்த மூன்று நாளும் கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் வறுவல், பூரி மாதிரி வெள்ளை வெளேரென்று லூச்சி, சர்க்கரை போட்ட தயிர். "காவ், பாபா, காவ்!" நிறுத்தினால் முகம் வாடிப்போகும். அவர் பரிமாறியது எனக்கில்லை என்று ரெண்டாவது லூச்சியிலேயே தெரிந்துவிட்டது. அதனால் ஒன்பதாவது வரைக்கும் மறுக்கவில்லை.

அப்பா ராத்திரி வந்தார். ஒல்லி உடம்பு, தடிக் கண்ணாடி, திருத்தமான இங்கிலீஷ். "மெட்ராஸில் வெயில் எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். "மழை?" சொன்னேன். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எந்த வியாதிக்கு?" என்றார்.

மறுநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிராமில்தான் போவாராம். 1873-ல் குதிரை இழுத்து ஆரம்பித்த டிராம், 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது என்று பெருமையாகச் சொன்னார். விடுவேனா? "எங்க மெட்ராஸில் 1895-லேயே மின்சார டிராம் விட்டாச்சு சார்!"

"அப்படியா? இப்போ எந்த ரூட்டில் ஓடுகிறது?"

"1953-ல நிறுத்திட்டாங்க."

"ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது.

காலேஜ் ஸ்ட்ரீட்டை எப்படிச் சொல்வது? நம்ம மூர் மார்க்கெட்டை எரியவிடாமல் காப்பாற்றி, நீட்டிப் படுக்கவைத்த மாதிரி. பிளாட்பாரம் முழுக்கத் தகரக் கடைகள், உள்ளே கூரை வரைக்கும் புத்தகம். கடைக்காரர் உட்கார ஒரு முழம் இடம். எனக்கு ஒரு முக்காலி போட்டார். பி.காம். என்று தெரிந்ததும் வாத்தியாராகிவிட்டார்.

"ரியல் அக்கவுன்ட் விதி சொல்லு."

"உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு."

"வெளியே போனது திரும்பி வரவில்லை என்றால் எதில் எழுதுவாய்?"

"வாராக் கடன் சார்!" பரீட்சை ஞாபகத்தில் டாண் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சை எடுத்து இல்லாத தூசியைத் துடைத்தார்.

அரைமணி கழித்து ஒரு மாணவன் வந்தான். மேல் தட்டில் வரிசையாக இருந்த காமர்ஸ் புத்தகங்களில் ஒன்றைக் காட்டி விலை கேட்டான். பையன் கெட்டிக்காரன், கேட்காமலே நூறு ரூபாய் ஏற்றிக்கூடக் கொடுத்துப் பார்த்தான். "அது விற்பனைக்கு இல்லை" என்றார். அன்று பூராவும் அவர் விற்க மறுத்தது அந்தத் தட்டை மட்டும்தான். முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தேன். எட்டுப் புத்தகத்தின் ஓரத்திலும் தாதாவின் கோழிக் கிறுக்கல் கையெழுத்து.

மூன்றாம் நாள் ராத்திரி சென்னை மெயிலுக்கு அவரே வந்தார். வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் என் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம். தொண்டையைச் செருமினார்.

"துர்கா பூஜை அக்டோபரில். ரிசர்வேஷன் 120 நாள் முன்னால் திறப்பார்கள். ஜூன் இரண்டாவது வாரம். உங்கள் ஊரில் யாருக்காவது உபயோகப்படலாம்."

வண்டி நகர்ந்ததும் தாதாவுக்குப் போன் போட்டேன். லூச்சி பற்றிச் சொன்னேன், லுங்கி பற்றிச் சொன்னேன். "அவர் என்ன கேட்டார்?" என்றான். ரயில்வே தகவலை அப்படியே ஒப்பித்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. "ஜூன்ல எந்தத் தேதி?" என்றான்.

ஜூனில் டிக்கெட் எடுத்தான். வெயிட்டிங் லிஸ்ட் 64. அதைச் சாக்காக வைத்து, "கன்ஃபர்ம் ஆகாதுடா, கேன்சல் பண்ணிடறேன்" என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் நடுவே ஓடுவதை மட்டும் வைத்துக்கொண்டு, கல்கத்தாவில் மற்ற டிராம்களை நிறுத்தப் போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். தாதா மெஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அப்பா இனிமே எதுல கடைக்குப் போவார்?"

அவன் வாயால் 'அப்பா' என்று நான் கேட்டது அன்றுதான். ராத்திரி மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் போனில் பேசினான். எல்லாம் வங்காளி. எனக்குப் புரிந்தது 'டிராம்' மட்டும்தான்.

டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றது. முன்பின் தெரியாத ஒருவரோடு பாதி சீட்டில் உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, ஃபில்டர் என்ன ஆச்சு?

மேல் பாகத்தில் அம்மா சோம்பும் கருஞ்சீரகமும் போட்டு வைத்திருக்கிறாராம். கீழ்ப் பாகம் அப்பாவின் கடையில் இருக்கிறதாம், சில்லறை போட.