உடம்புக்கு நல்லதுதானே எண்டு சொல்லாதேங்கோ

ஸ்குவாட்டை யாருக்கும் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலும் கூடாது, கம்பஸிலும் கூடாது, நண்பர்கள் சேர்ந்து விளையாட்டாகச் செய்கிற சவாலிலும் கூடாது. முதல் இரண்டையும் ஒத்துக்கொள்கிற ஆக்கள் மூன்றாவதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விசயம் இதுதான். முப்பது நாள் ஸ்குவாட் சவால் எங்கட பட்ச்சுக்கும் வந்திருக்கிறது. பதினொரு பேர், ஒரு வட்ஸ்அப் குழு, இரவு ஒன்பது மணிக்கு முதல் அவரவர் செய்த எண்ணிக்கையைப் போட வேண்டும். அதுவரைக்கும் சந்தோசம். பிறகு ஒரு புது விதி வந்தது. ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த நாள் இரண்டு மடங்கு, அதையும் வீடியோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். ஸ்ரிக்கர் பறந்தது. நான் மாட்டன் எண்டு எழுதினேன். "பகிடிக்குத்தானே, ஏன் உதைப் பெரிசாக்கிறாய்? உடம்புக்கு நல்லதுதானே?" என்று பதில் வந்தது.

உடம்புக்கு நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. தொடையும் பிட்டமும்தான் உடம்பின் பெரிய தசைகள். அவை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கிற சீனியை எடுத்துச் செலவழிக்கின்றன. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடாத ஒரு வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிற ஊரில் இது சின்ன விசயம் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் காலையில் விரிவுரை, பின்னேரம் நூலகம், இரவு போன் என்று கதிரையிலும் கட்டிலிலும்தான் காலத்தைக் கழிக்கிறோம். ஜிம்முக்குக் கட்டக் காசில்லை. பொழுதுபட்ட பிறகு வீதியில் ஓடப் போகிற பொம்பிளைப் பிள்ளையை ஊர் சும்மா விடாது. திருநெல்வேலியில் வாடகை அறையில் இருக்கிற ஒருத்திக்கு இரண்டு அடி சீமெந்து நிலம் போதும், ஸ்குவாட் செய்யலாம். தனியே எண்டால் மூன்றாம் நாளே விட்டிடுவோம், அடுத்த அறையில் இருக்கிறவளும் செய்கிறாள் எண்டால் எழும்புவோம். சேர்ந்து செய்வதன் பெறுமதி அவ்வளவும் அதில்தான் இருக்கிறது. அதனால் சவாலை நிப்பாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் குந்துவதில் மட்டும் ஒரு மந்திரமும் இல்லை. உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குகிற அம்மாக்கள் மணிக்கணக்காகக் குந்தியே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிறது முழங்கால் நோவு. நோகிற நேரத்தில் எழும்பிப் போக முடியாது, ஏனெண்டால் அது நாள் கூலி. ஒரே அசைவுதான். யார் எண்ணுகிறார்கள், யார் நிப்பாட்டலாம் என்பதைப் பொறுத்து அது ஒருவருக்குப் பயிற்சியாகிறது, இன்னொருவருக்கு வருத்தமாகிறது.

இணையத்தில் சுற்றுகிற அந்த முப்பது நாள் அட்டவணையையே எடுத்துப் பாருங்கள். முதல் நாள் 50, முப்பதாம் நாள் 250. மூன்று நாள் செய்தால் நாலாம் நாள் ஓய்வு என்று அதிலேயே போட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் தசைகளுக்கு வலுக் கொடுக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது, ஒவ்வொரு நாளும் செய் என்று சொல்லவில்லை. எங்கட ஆக்கள் முதல் வேலையாக அந்த ஓய்வு நாளைத்தான் வெட்டினார்கள். "ஓய்வு சோம்பேறியளுக்கு" என்றார் ஒருவர். இப்போது இரண்டு மடங்கு விதியை இதோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இருபத்தோராம் நாள் காய்ச்சலில் படுத்த ஒருத்தி இருபத்திரண்டாம் நாள் செய்ய வேண்டியது 185. தண்டத்தோடு 370. காய்ச்சலில் இருந்து எழும்பின உடம்புக்கு 370. இதை உடற்பயிற்சி என்று எந்த வைத்தியர் ஒத்துக்கொள்வார்?

தவறவிட்டவர்தான் கூடச் செய்ய வேண்டும் என்கிற இந்தப் புத்தி எங்களுக்கு எங்கே இருந்து வந்தது? சவால் தந்த பழக்கம் இல்லை இது. பள்ளிக்கூடம் தந்தது. வீட்டுவேலை செய்யவில்லையா, காதைப் பிடி, 50 தோப்புக்கரணம். நான் படித்த காலத்தில் ஆசிரியர் எண்ண மாட்டார், வகுப்பைத்தான் எண்ணச் சொல்லுவார். நாற்பது பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். அடுத்த நாள் படியிறங்க ஏலாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதும் அதே நாற்பது பேர்தான். கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. பிரம்பை ஒளித்து வைத்த ஆசிரியர்கள்கூட தோப்புக்கரணத்தை ஒளிக்கவில்லை. "இது அடி இல்லையே, எக்ஸர்சைஸ்தானே" என்று நியாயமும் சொன்னார்கள்.

அந்த நியாயத்துக்கு இப்போது விஞ்ஞானப் பூச்சும் பூசியாயிற்று. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கொக் சுய் என்பவர் எங்கட தோப்புக்கரணத்தை "சூப்பர் பிரெய்ன் யோகா" என்ற பெயரில் புத்தகமாக்கினார். 2019இல் இந்தியாவின் ஹரியானா மாநிலப் பாடசாலைக் கல்விச் சபை அதை ஒரு பாடசாலையில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. மூளைக்கு நல்லதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. நல்லது எண்டே வைத்துக்கொள்வோம். அப்ப ஏன் அதைக் கணக்கில் நூறு எடுத்த பிள்ளைக்குக் கொடுக்காமல் பூச்சியம் எடுத்த பிள்ளைக்கு மட்டும் கொடுக்கிறீர்கள்?

கோயிலில் போடுகிற தோப்புக்கரணத்தை இதோடு சேர்க்க வேண்டாம். பிள்ளையாருக்கு முன் நிற்கிறவர் தன்பாட்டுக்கு மூன்று போடுகிறார். முழங்கால் ஏலாத அம்மம்மா தலையில் குட்டிக்கொண்டு திருநீறு பூசிக்கொண்டு போகிறார். குறைச்சுப் போட்டதற்கு நாளைக்கு இரண்டு மடங்கு என்று பிள்ளையார் கேட்பதில்லை. வீடியோவும் கேட்பதில்லை.

இனிக் கம்பஸுக்கு வருகிறேன். 1997ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்த வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் கொடூரமான பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். வயது 21. அதே ஆண்டு அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனைக் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்து, மதுவும் குடிக்க வைத்தார்கள். அவனும் சிறுநீரகம் செயலிழந்தே இறந்தான். அடுத்த வருடம்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

உடற்பயிற்சி செய்து சிறுநீரகம் பழுதாகுமா என்று கேட்கிறவர்களுக்கு இது. பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் உடையும். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, தசையை அதிகம் உடைக்கிற வேலை அதுதான். உடைந்த தசைக்குள் இருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும், அளவு கூடினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்கும். இதற்கு ரப்டோமயோலிசிஸ் என்று பெயர். வெயிலும் தண்ணீர் குடிக்காததும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். கடுமையான நோவு, தொடை வீக்கம், கால் பலவீனம், சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போவது. இதில் எதைக் கண்டாலும், முக்கியமாகச் சிறுநீரின் நிறம் மாறினால், சுடுதண்ணி ஒத்தடத்தோடு படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாரோ செய்ய வைத்தார்கள் என்றால் அதையும் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

தானாகச் செய்கிறவருக்கு உடம்பு "காணும்" எண்டு சொல்லும், அவர் இருந்திடுவார். செய்ய வைக்கப்படுகிறவருக்கும் உடம்பு அதையேதான் சொல்லுது. ஆனால் அவரால் இருக்க முடியாது, முன்னால் அண்ணாமார் நிக்கிறாங்கள். இரண்டு பேருக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான், அந்த வித்தியாசத்தில்தான் உயிர் போகிறது.

"எங்கட குழுவைப் பகிடிவதையோட ஒப்பிடாதை. இஞ்ச எல்லாரும் விரும்பித்தான் சேர்ந்தவை" என்கிறார்கள். விரும்பித்தான் சேர்ந்தோம். சேர்ந்த நாளில் சொன்ன ஓம், இருபத்திரண்டாம் நாளுக்கும் சேர்த்துச் சொன்ன ஓம் ஆகாது. நண்பர் சிரித்துச் சிரித்துக் கேட்கும்போது மாட்டன் என்று சொல்வது சீனியருக்கு மாட்டன் என்று சொல்வதைவிடச் சில நேரம் கஷ்டம். சீனியரை மறுத்தால் துணிச்சல்காரி என்று பெயர் வரும். நண்பரை மறுத்தால் "கெத்துக் காட்டுறா" எண்டு பெயர் வரும்.

"தண்டம் இல்லாட்டி எல்லாரும் விட்டிடுவினம்" என்பது அடுத்த வாதம். விடட்டுமே. பயத்தில் செய்த முப்பது நாள் முப்பத்தோராம் நாள் நிச்சயம் நிற்கும். அதோடு யார் தவறவிடுகிறார்கள் என்று பாருங்கள். மாதவிடாய் நோவில் சுருண்டு கிடக்கிறவள், வருத்தக்காரத் தாயைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போய் வந்தவன், பகுதிநேர வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அறைக்கு வருகிறவன். சும்மா இருந்து தவறவிட்டவர் ஒருவர் எண்டால், இப்படித் தவறவிட்டவர் மூன்று பேர். தண்டம் விழுவது ஏற்கெனவே களைத்தவர்களின் முதுகில்தான். வீடியோ வேறு. குந்தி எழும்புகிற ஒரு பிள்ளையின் வீடியோ பதினொரு பேரின் போனில் இருந்து பன்னிரண்டாவது போனுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஓய்வு நாளைத் திருப்பிப் போடுங்கள். தன் எண்ணிக்கையை அவரவரே தீர்மானிக்கட்டும். 20 செய்தவருக்கும் 200 செய்தவருக்கும் ஒரே பச்சை ரிக் போதும். தவறவிட்டவர் விட்ட இடத்தில் இருந்து தொடங்கட்டும், காரணம் கேட்காதேங்கோ. வீடியோ வேண்டவே வேண்டாம். முழங்கால் நோ இருக்கிறவர் கதிரையில் இருந்து எழும்பி இருந்து செய்யலாம், அதுவும் ஸ்குவாட்தான். முக்கியமாக, புதிதாக வந்த ஜூனியர்களை நீங்களாகக் குழுவில் சேர்க்காதீர்கள். சீனியர் கேட்டால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது அழைப்பாகக் கேட்காது. அந்தச் சட்டம் உடலுக்கோ மனதுக்கோ பாதிப்பை, நோவை, பயத்தை உண்டாக்குகிற, உண்டாக்கக்கூடிய செயலைத்தான் பகிடிவதை என்கிறது. இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. "விளையாட்டுக்குச் செய்தது" என்றொரு விதிவிலக்கு அதில் இல்லை.

வரப்பிரகாஷின் பெயரைச் சொல்லிப் பகிடிவதைக்கு எதிராகப் பதாகை பிடிக்கிறது லேசு. எங்கட கையில் ஒரு சின்ன அதிகாரம், ஒரு வட்ஸ்அப் குழுவின் அட்மின் அளவுக்காவது வந்த நேரம் அதை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. நாளைக்கு ஒரு அண்ணா முதலாம் ஆண்டுப் பிள்ளையை மறித்து "குந்தி எழும்பு, உடம்புக்கு நல்லதுதானே" எண்டு சொன்னால், "அப்ப நீங்களும் வாங்கோ அண்ணா. ஏலாட்டி ரெண்டு பேரும் நிப்பாட்டுவம்" எண்டு அந்தப் பிள்ளை பயமில்லாமல் சொல்ல வேணும். எங்கட கம்பஸ் அப்பிடி ஆகிற வரைக்கும் ஒருத்தருக்கும் ஸ்குவாட்டைத் தண்டமாக எண்ணிக் கொடுக்காதேங்கோ.