எட்டாம் மாதத்து மூச்சு

ஏழாம் மாதம் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். நுரையீரல் வளரும் விதத்தைப் பார்த்தால் இது தவறு என்பது புரியும்.

கரு உருவாகி நான்கே வாரத்தில், பின்னர் உணவுக் குழாயாகப் போகும் பகுதியிலிருந்து சிறு மொட்டாக முளைக்கிறது நுரையீரல். அது இரண்டாகப் பிரிந்து, மரம் போலக் கிளைத்துக்கொண்டே போகும். 17-வது வார வாக்கில் மூச்சுக் குழாய்கள் கிளைத்து முடிந்துவிடும். பிறகு அவற்றின் நுனிகளில் மெல்லிய காற்றுப் பைகளும், அவற்றைச் சுற்றி ரத்த நாளங்களும் உருவாகின்றன.

இதெல்லாம் நடக்கும்போது நுரையீரலுக்குள் இருப்பது காற்று அல்ல, திரவம். ஆக்ஸிஜன் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியே வந்துவிடும். பிறந்த கணத்தில்தான் சோதனை. ஈரமான காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்க சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் பூச்சு தேவை. அது போதிய அளவு சேர சுமார் 35 வாரம் ஆகிறது. ஆக, ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதமே மேல்.

இந்தப் பூச்சின் குறைதான் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பது 1959-ல் தெரியவந்தது. சிகிச்சை அப்போது இல்லை. 1963-ல் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், இரண்டே நாளில் இறந்துபோனான்.

வழி காட்டியவை நியூஸிலாந்து ஆடுகள். ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராத விதமாக மூச்சு விட்டதைக் கவனித்தார் டாக்டர் கிரஹாம் லிக்கின்ஸ். கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி பலன் தருவதை 1972-ல் அவரும் டாக்டர் ராஸ் ஹவியும் நிரூபித்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டதால் பச்சிளங்குழந்தை மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது.

மருந்து டெக்ஸாமெத்தசோன், விலை மலிவு. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியை நர்ஸே போடலாம் என்று 2014-ல் மத்திய அரசு வழிகாட்டியது. ஆனால் மருந்து வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும். நாள் கணக்கும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்து வையுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எட்டாம் மாதத்தில் வரும் வலியைச் சூட்டு வலி என்று ஒதுக்கி, கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.