ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?

"வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில் மாத்தணும்?" பழைய கார் வைத்திருக்கும் நம்மாட்கள் கேட்கிற கேள்வி. புனே வந்து எட்டு வருஷம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் 1988 மாடல் பத்மினி. அவர் போனபின் விற்க மனசு வராமல் கோவையிலிருந்து கொண்டுவந்தேன். வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஞாயிறானால் துடைப்பேன், பாலிஷ் போடுவேன், எதிர்வீட்டு மராட்டிக்காரர் புகழ்ந்தால் பூரித்துப்போவேன். அதோடு சரி.

2019 டிசம்பரில் லோனாவ்லாவிலிருந்து பழைய காட் ரோட்டில் கோபோலிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரங்கட்டினேன். அரைமணி நேரம் கழித்து மிதித்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் கெட்டியாக நிற்கிறது!

அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஆயுத பூஜைக்கு முன்னாடி உங்கப்பா எல்லா எண்ணெயும் பார்த்து மாத்துவாரே, நீ மாத்தலையாடா?"

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வண்டி நின்றாலும் உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 140 வரைகூட இறங்கிவிடும். இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் சூடாகி, உள்ளே ஆவி உண்டாகிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் இறங்குகிறது. ஆறினால் சரியாகிவிடும். "லெவல் கரெக்டா இருக்கு சார்" என்றிருந்தார் மெக்கானிக். லெவல் கரெக்ட்தான்!

இன்ஜின் ஆயில் கதையும் அப்படியே. கடைத்தெரு வரை போய்வந்தால் இன்ஜின் முழுசாகச் சூடாவதில்லை. ஈரமும் பெட்ரோல் எரிந்த அமிலமும் ஆயிலிலேயே தங்கி, உள்ளே அரிக்கும். குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் இது அதிகம். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? துருதான்.

ஆகவே மீட்டரைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். இன்ஜின் ஆயில் வருஷா வருஷம், பிரேக் ஆயிலும் கூலண்டும் இரண்டு வருஷத்துக்கொருமுறை. குரோம் பம்பருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம், சில நூறு ரூபாய் பிரேக் ஆயிலுக்குக் கணக்குப் பார்க்கிறோம் (நானுந்தான்).

இப்போது ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை அதற்கென்றே ஒதுக்கியாகிவிட்டது. பையன் பெடலை மிதிப்பான், நான் கீழே படுத்து நிப்பிளைத் திறப்பேன். முதல் தடவை வந்த ஆயில் நல்ல டிகாக்‌ஷன் நிறம். பாட்டிலில் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.